இரவல் தோல்

கதவைச் சாத்திவிட்டார்கள். இனி தண்ணீர்ச் சத்தம் வரும். முதலில் கட்டுகளை நனைப்பார்கள், நனைந்தால்தான் துணி புண்ணோடு சேர்ந்து பிய்ந்து வராது என்று எஸ்தர் சிஸ்டர் சொல்லியிருக்கிறாள், நனைக்கும்போது தர்சிகா அழமாட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு குப்புறக் கிடப்பாள், பத்து வயதில் அப்படியொரு வீம்பு, யாரைக் கொண்டு பிறந்ததோ, என்னைக் கொண்டு இல்லை, அது மட்டும் நிச்சயம். பெஞ்சின் விளிம்பு தொடையில் அழுத்துகிறது. வலது தொடையின் முன்பக்கம், தோலைச் சீவி எடுத்த இடம், பொருக்குத் தட்டிக் காய்ந்து இப்போது அரிக்கிறது. அரிப்பு வந்தால் ஆறுகிறது என்று அர்த்தமாம். ஆறட்டும். சொறியக்கூடாது, சேலைக்கு மேலே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொள்ளலாம், அழுத்தினால் கொஞ்சம் அடங்கும், பிறகு வட்டியோடு கிளம்பும். இங்கே மிச்சமிருக்கிற தோலுக்கு அரிக்கிறதே, அங்கே அவள் முதுகில் கிடக்கிற என் தோலுக்கும் இந்நேரம் அரிக்குமா? அரித்தால் அது யாருடைய அரிப்பு? பைத்தியக்காரத்தனம். தூக்கம் கெட்டால் புத்தி இப்படித்தான் போகும். இன்றைக்குக் கட்டுப் பிரித்தால் தெரிந்துவிடும், என் தோல் இருக்கிறதா போய்விட்டதா என்று. போயிருந்தால், அதற்குக் கீழே அவளுடைய சொந்தத் தோல் பரவியிருக்கிறதா, இல்லை வெறும் சதைதானா என்று. வெறும் சதையென்றால் கிருமி உள்ளே போகும், போனால்... அதற்குமேல் டாக்டர் நஸ்ரின் சொல்லவில்லை, பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதுமில்லை. மூன்றாம் கட்டிலில் இருந்த பெண் எங்கே போனாள் என்று இந்தத் தீக்காய வார்டில் எல்லோருக்கும் தெரியும்.

"கூரை மாதிரி நெனச்சுக்கங்கம்மா" என்றாள் டாக்டர் அன்றைக்கு. என் தங்கை வயதுதான் இருக்கும் அவளுக்கு, கண்ணுக்குக் கீழே கருவளையம். தர்சிகாவுக்கு மொட்டையடித்து, மண்டையிலிருந்து மெல்லிசாகத் தோல் எடுத்து, சின்னச் சின்னத் துண்டாக்கி முதுகில் இடைவெளி விட்டு வைத்தார்கள், நாற்று நடுகிற மாதிரி. அந்தத் துண்டுகள் பரவி ஒன்றையொன்று தொட வேண்டும். தொடுகிறவரை வெயில் படாமல், கிருமி படாமல் மேலே மூடிக்கொள்ள என் தோல். "உங்களுது நிக்காது. அத இப்பவே சொல்லிடறேன். அவ உடம்பு அதத் தள்ளிடும்." ஏன் என்று கேட்டது நான்தான். என் வீட்டுக்காரர் சென்னியப்பன் கேட்கவில்லை, அவர் விபத்து நடந்த நாளிலிருந்து எதையும் கேட்பதில்லை, டாக்டர் காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். "தோலுக்குள்ள காவலுக்குன்னே சில செல்லுங்க இருக்கும்மா. நாலாபக்கமும் கைய நீட்டிக்கிட்டு, தோல் முழுக்கப் பரவி உக்காந்திருக்கும். வேத்தாள் யாராச்சும் வந்தா தொட்டுப் பாக்கும். பாத்துட்டு அங்கருந்து கெளம்பி, அக்குள்லயும் தொடை இடுக்குலயும் நெறி கட்டுமில்ல, அந்த எடத்துக்குப் போயிச் சொல்லும். அங்கதான் சண்டைக்கு ஆள் சேரும்." வேற்றாள் என்றதும் எனக்கு முகம் சுருங்கியிருக்க வேண்டும், அவள் அவசரமாக, "பெத்த அம்மாவா இருந்தாலும் தள்ளும்மா, கூடப்பொறந்தவனா இருந்தாலும் தள்ளும், அச்சு அசலா ஒரே மாதிரி ரெட்டைப் பொறப்புன்னாத்தான் தள்ளாது" என்றாள். எவ்வளவு நல்ல வார்த்தை. அதைச் சொல்லும்போது, கேட்டிருக்க வேண்டிய ருக்குமணியக்கா, தர்சிகாவின் பெரியம்மா, கேன்டீனில் இட்லி வாங்கப் போயிருந்தாள். என் நேரம் அப்படி. கேட்டவர்கள் இரண்டே பேர், ஒருவர் வாய் திறப்பதில்லை, இன்னொருத்தி சொன்னால் யார் நம்புவார்கள்.

தண்ணீர் ஊற்றுகிறார்கள். மொண்டு ஊற்றும் சத்தம், இரும்புக் கட்டிலில் வழியும் சத்தம், பிறகு சாக்கடையில் இறங்கும் சத்தம். இன்னும் அழவில்லை. தண்ணீரில் மஞ்சள் போகுமோ என்று ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது, அதெல்லாம் எப்போதோ கழுவியாகிவிட்டது, ஆனாலும் தோன்றுகிறது. தோட்டத்தில் மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள், பள்ளிக்கூடம் லீவு, அப்பாவோடு போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள், நான் வீட்டில் ஆட்களுக்குச் சோறு பொங்கிக்கொண்டிருந்தேன். ஆவி போகிற குழாய் கழன்றுகொண்டது. யாரும் கழற்றவில்லை, யாரும் இடிக்கவில்லை, கழன்றது. அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாயில் கொட்டிய மஞ்சளில் குட்டை நீளம் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாளாம். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் மஞ்சளாக இருந்தாள். பின்னங்கழுத்திலிருந்து முழங்காலின் பின்பக்கம் வரைக்கும், இரண்டு கையிலும், வெந்த மஞ்சளை அரைத்து அப்பியிருந்தார்கள். கிருமி அண்டாதாம். வேலைக்கு வந்த பெண்கள், நல்ல மனசுக்காரிகள், அழுதுகொண்டே அப்பினார்கள், மஞ்சளை விட்டால் வேறென்ன தெரியும் எங்களுக்கு, பிள்ளை பெற்றாலும் மஞ்சள், அம்மை போட்டாலும் மஞ்சள், பிணத்துக்கும் மஞ்சள். அந்த மஞ்சளைக் கழுவி எடுக்கத்தான் முதல்நாள் முழுக்க ஆனது, கழுவக் கழுவ அதோடு தோலும் போனது. இனி நான் குழம்பில் மஞ்சள்தூள் போடுவேனா? போடுவேன். போட்டுத்தானே ஆக வேண்டும். பிழைத்து வந்தால் அவளுக்கும் அந்தக் குழம்பைத்தானே ஊற்றுவேன். பிழைத்து வந்தால் என்று நினைத்துவிட்டேனே. வந்தபிறகு என்று நினைக்க வேண்டும். வந்தபிறகு, வந்தபிறகு.

ருக்குமணியக்கா எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் திருநீற்றுப் பொட்டலம். தர்சிகாவைப் பெற்றவளுடைய அக்கா. பெற்றவள் காய்ச்சலில் போய் ஆறு வருஷமாகிறது, என்னை இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொண்டு வந்து நாலு வருஷம். அக்கா கெட்டவள் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, தோல் வேண்டுமென்று கேட்டதும் முதலில் எழுந்தவள் அவள்தான். "எங்கொழுந்தைக்கு எந்தோலு. வேற யாருதும் வேண்டாம்" என்று சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு வார்டு நடுவில் நின்றாள். சர்க்கரை நிறைய இருக்கிறது, எடுத்த இடம் ஆறாது என்று வேண்டாமென்றுவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு ரத்தத்தில் காமாலைக் கிருமி, அதுவும் ஆகாது. மிச்சம் யார்? வந்திருந்த கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் அப்போதுதான் பஸ்ஸுக்கு நேரமானது. நான் எழுந்தேன். எழுந்ததில் பெருமை ஒன்றுமில்லை, வேறு யாரும் எழவில்லை, அவ்வளவுதான். ஆனால் அக்காவின் கண்ணில் நான் பார்த்தேன், தன்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டவளைப் பார்க்கிற பார்வை. தங்கை புருஷனை, தங்கை வீட்டை, தங்கை அடுப்பை எடுத்துக்கொண்டாள், இப்போது தங்கை பிள்ளையின் முதுகையும். காலையிலிருந்து இரண்டு தடவை சொல்லிவிட்டாள். "நாஞ் சொல்றத மனசுல வெச்சுக்காத அம்மிணி. பெத்தவ தோலா இருந்தா பொசுக்குன்னு ஒட்டீருக்கும். ஒடம்புக்குத் தெரியும் கண்ணு, எது சொந்தம் எது இரவல்னு." என் வீட்டுக்காரர், "அக்கா, சும்மா இருங்க" என்றார். சும்மா இருங்க என்றாரே தவிர, அப்படியில்லை அக்கா, டாக்டர் இப்படிச் சொன்னாங்க என்று ஒரு வார்த்தை? வராது. அவருக்கும் உள்ளுக்குள் அப்படித்தானோ? இருக்கட்டும். இன்றைக்குக் கதவு திறந்து தோல் போய்விட்டது என்று சொன்னால் ஊர் முழுக்க என்ன பேசும் என்று எனக்கு மனப்பாடம். சித்தி தோல் ஒட்டவில்லை. நாக்கில் நரம்பா இருக்கிறது.

போகட்டும், போகத்தான் வேண்டும். அதுதானே குழப்பம். "இப்ப அவ உடம்பு ஓஞ்சு கெடக்கு, காவலும் ஓஞ்சு கெடக்கு, அதனாலதான் உங்க தோல் நிக்குது" என்று போன வாரம் டாக்டர் சொன்னாள். "தெம்பு வந்ததும் தள்ளும். தள்ள ஆரம்பிச்சா நல்ல சகுனம்னு வெச்சுக்கங்க. ஆனா கீழ மூடறதுக்கு முன்னாடி தள்ளீட்டா கஷ்டம்." அப்படியானால் நான் சென்னிமலை முருகனிடம் எதைக் கேட்பது? நிற்கட்டும் என்றா, போகட்டும் என்றா? நின்றால் அவள் தேறவில்லை. சீக்கிரம் போனால் அவள் திறந்து கிடப்பாள். சரியான நாளில் போகட்டும் என்று கேட்கலாம், ஆனால் சரியான நாள் எது என்று முருகனுக்குத்தான் தெரியும், அப்புறம் கேட்பானேன். கண்ணை மூடினால் அந்தக் காவல்காரர்கள் வருகிறார்கள். நாலாபக்கமும் கையை நீட்டிக்கொண்டு, அவள் உடம்பின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து, என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். எனக்குப் பழக்கப்பட்டதுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீதியில் வாசலுக்கொருத்தி நின்று அப்படித்தான் பார்த்தார்கள், சோறு எப்படிப் போடுகிறாள், குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுகிறாள், அடித்தாளா, கிள்ளினாளா, பார்த்துவிட்டு நேராக ருக்குமணியக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். இன்னொன்றையும் டாக்டரிடம் கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம். "எந்தோலுக்குள்ளயும் அந்த மாதிரிக் காவல் இருக்குமில்லீங்களா? அதெல்லாம் என்ன பண்ணும்?" அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தாள். "இருக்கும்மா. அதுகளும் உங்க தோல விட்டு எறங்கி அவ ஒடம்புக்குள்ள போகும். அதப் பாத்துத்தான் அவளோடது இன்னும் உஷாராகும்." அதிலிருந்து எனக்கு அதே நினைப்புத்தான். என்னுடையவர்கள், என்னை மட்டுமே காத்துப் பழகியவர்கள், இந்தச் சின்ன உடம்புக்குள் இறங்கி நடக்கிறார்கள். எங்கே வந்திருக்கிறோமென்று அவர்களுக்குத் தெரியாது. நல்ல எண்ணத்தோடு, கிருமி வந்தால் சொல்லலாம் என்று, பழக்கப்படி அக்குளைத் தேடிப் போகிறார்கள். அங்கே போய் நின்றதும் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அழுகை வந்துவிட்டது. முதலில் ஒரு மூச்சு இழுப்பு, பிறகு கத்தல். உள்ளே பக்கத்துக் கட்டிலில் இன்னொரு ஆளும் இருக்கிறார், பல்லில்லாத பெரியவர், கொதிக்கிற எண்ணெயை மேலே கொட்டிக்கொண்டவர், அவரும் கத்துகிறார், "அம்மா, அய்யோ அம்மா" என்று, அவர் அம்மா செத்து எத்தனை காலமிருக்கும். இந்தக் கதவுக்குப் பின்னால் போகிற எல்லோரும் அம்மா என்றுதான் கத்துகிறார்கள். தர்சிகாவும் அப்படித்தான், இதுவரை ஒவ்வொரு கட்டுப் பிரிப்பிலும். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிப்போடும். அது யார்? போட்டோவில் மாலையோடு இருக்கிறவளா? வெறும் வலிச் சத்தமா? ஒருவேளை, ஒரு பேச்சுக்கு, நூற்றில் ஒரு பங்கு, நானா? வெட்கங்கெட்ட ஆசை. குழந்தை துடிக்கிறது, எனக்குப் பங்கு கேட்கிறது. நாலு வருஷத்தில் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மான்னு கூப்பிடு சாமி என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள், வாயை இறுக்கிக்கொண்டாள். சித்தின்னாவது கூப்பிடு என்றார்கள், அதுவும் இல்லை. "தண்ணி வேணும்." "நாளைக்குக் கலர் டிரஸ்." "ஜடை தளர்ந்துபோச்சு." யாரிடம் சொல்கிறாள் என்று சுவருக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். நான் கோபப்பட்டதில்லை என்று சொன்னால் பொய், கோபப்பட்டேன், பாத்திரத்தை நங்கென்று வைத்தேன், ஆனால் அந்த ஜடையைப் பின்னும்போது மட்டும் கழுத்தில் விரல் பட்டால் நெளியமாட்டாள், அசையாமல் நிற்பாள், அதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இப்போது ஜடையும் இல்லை. ஆபரேஷன் முடிந்து வந்த அன்று அவள் கைக்குள் என் விரலை வைத்தேன். விரல்கள் மூடவே இல்லை. துணி மாதிரி இருந்தது கை. எதிர்ப்புக்கூட இல்லாத கை.

"இன்னொரு தொடை இருக்குதுங்களே" என்று நேற்றைக்குக் கேட்டேன், இது போய்விட்டால் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று. டாக்டர் தலையை ஆட்டினாள். "ரெண்டாவது தடவ நிக்காதும்மா. இந்தத் தடவ உங்களத் தெரிஞ்சுக்கறதுக்கே அதுக்கு நாள் ஆச்சு. அடுத்த தடவ வெச்ச உடனே கண்டுபிடிச்சிரும். ஞாபகம் வெச்சிருக்கற செல்லுங்க இருக்கு. பழைய சண்டையெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கும்." எத்தனை நாளைக்கு ஞாபகமிருக்கும் என்று கேட்டேன். "ரொம்ப வருஷம். சிலது ஆயுசுக்கும்." அப்போது எனக்குத் தோன்றியது, இனி என்னால் அவளுக்குக் கொடுக்க ஒன்றுமில்லையே என்று. பிறகு, குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது, அதுவே வேறு மாதிரித் திரும்பியது. ஆயுசுக்கும். அவள் வளர்வாள், படிப்பாள், எங்கேயோ கட்டிக்கொண்டு போவாள், அப்பா வீட்டுக்கு வந்தால் என்னிடம் காப்பி வாங்கிக் குடிப்பாள், பெயர் சொல்லாமல். நான் செத்தால் ஒரு நாள் அழுவாளோ என்னவோ. ஆனால் அந்த உடம்புக்குள்ளே எங்கேயோ ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும், ஆயிரம் பேர் நடுவில் என்னை விட்டாலும், இவள்தான் என்று சொல்லக்கூடியது. என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்? என் வீட்டுக்காரருக்கு என் செருப்பின் அளவு தெரியாது. விரோதமாகத்தான் தெரியட்டுமே. நினைத்துக்கொண்டே நின்றதில் டம்ளர் நிரம்பி வழிந்தது, பின்னால் நின்ற பெண் என்னைத் திட்டினாள்.

கதவு திறக்கிறது. டாக்டர் நஸ்ரின்தான், கையுறையைக் கழற்றாமல், முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு. என் வீட்டுக்காரர் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார். டாக்டர் யாரைப் பார்த்துச் சொல்வது என்று தேடிவிட்டு என்னைப் பார்த்தாள். "தள்ள ஆரம்பிச்சிருச்சும்மா. ஓரமெல்லாம் கருத்து, கொழகொழன்னு கழண்டு வருது. எடுத்துட்டு இருக்கோம்." கீழே? "ரெண்டு கையும் மூடிருச்சு. நல்லாவே மூடிருக்கு. காலும் பரவாயில்ல. முதுகு நடுவுல இன்னும் மூடல. உள்ளங்கைய விரிச்சு வெச்ச அளவுக்கு ரெண்டு எடம், சதையாத்தான் இருக்கு. காலையிலருந்து காய்ச்சல் வேற. மண்டைல முடி மொளைக்கற எடம் ஆறுனதும் மறுபடி எடுத்து வெக்கணும், அது வரைக்கும் அந்த ரெண்டு எடத்தக் காப்பாத்தணும். காப்பாத்த முடியுமான்னு நான் இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது." ருக்குமணியக்கா நாற்காலியில் இருந்தபடியே சொன்னாள், கத்தவில்லை, பாவம், உடைந்த குரலில், "நான் அப்பவே சொன்னேன். ஒட்டாதுன்னு சொன்னேன். எந்தங்கச்சி இருந்திருந்தா." எனக்குக் காது அந்தப் பக்கம் இல்லை. பாதி திறந்த கதவுக்குள்ளிருந்து கத்தல் வந்துகொண்டிருந்தது, பெரியவரின் அம்மாவோடு கலந்து, தனியாக ஒரு குரல், வேறொரு வார்த்தை. எனக்குத்தான் அப்படிக் கேட்கிறதோ என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருக்கிறது, சுவரிலிருந்து தலையைத் தூக்கியிருந்தார். "சித்தி." மறுபடியும். "சித்தி, எங்க போன, சித்தி!"

எஸ்தர் சிஸ்டர் எட்டிப் பார்த்தாள். "இங்க சித்தி யாரு? நீங்களா? நீங்க அம்மான்னுல்ல நெனச்சேன். செருப்பக் கழட்டிட்டு, அந்த அங்கிய மாட்டிக்கிட்டு வாங்க. ஒரே பிடிவாதம், கையப் பிடிச்சுக்க ஆள் வேணும்." அங்கியின் நாடா கட்ட வரவில்லை, கட்டாமலே போனேன். உள்ளே ஈரம், ரத்த வாடை, மருந்து வாடை. குப்புறக் கிடந்தாள், மொட்டைத் தலை என் பக்கமாகத் திரும்பியிருந்தது, அங்கங்கே மயிர் முளைத்துப் பச்சையாக. கட்டிலோரம் ஒரு தட்டில் ஏதோ கிடந்தது, ஈரத் துணிச் சுருள் மாதிரி, சாம்பல் நிறத்தில். அது நான். ஒரு நொடிதான் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை, பிறகு அவள் முகத்துக்கு நேரே தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்தேன், தொடையில் பொருக்கு வெடித்தது தெரிந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "போதும்னு சொல்லு சித்தி. நீ சொன்னா கேப்பாங்க. சொல்லு." நான் சொன்னால் யார் கேட்பார்கள், என் பேச்சை இந்த உலகத்தில் யார் கேட்டிருக்கிறார்கள், அவள் எப்படி அப்படி நினைத்தாள்? முதல்முதலாக என்னிடம் ஒன்று கேட்கிறாள், அதை நான் கொடுக்கக்கூடாது. சிஸ்டர் இடுக்கியை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். "இன்னும் கொஞ்சந்தான் சாமி" என்றேன். "அதெல்லாம் போகணும். போனாத்தான் உன்னுது வரும். தள்ளு. நல்லா தள்ளிவிடு." அவளுக்கு என்ன புரிந்ததோ, முகத்தைச் சுளித்து என்னை வெறுப்போடு பார்த்தாள். சிஸ்டர் அடுத்த துண்டை இழுத்தாள். தர்சிகா அலறிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள், ஐந்து நகமும் உள்ளே இறங்கியது. வலித்தது. பிடி நல்ல பலமாக இருந்தது.